கன்று வீசிய மாட்டின் இளங்கொடி: லேப்புக்கு எதை அனுப்புவது, எப்படி அனுப்புவது?

மானூர் தொழுக்காரன்

வணக்கம். அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தொழுவில் கலப்பின ஜெர்சி ஆறு உருப்படி நிற்கிறது. சித்திரையில் மூன்றாம் ஈத்துப் பசு ஒன்று ஏழு மாதச் சினையில் சினை கலைந்து கன்றை வீசியது. கொடி விழாமல் தங்கிவிட்டது. டாக்டர் வந்து மருந்து வைத்துப் போனார். அதன் ரத்தத்தைச் சோதித்ததில், கன்று வீச வைக்கும் புருசெல்லா கிருமிக்கான ரோஸ் பெங்கால் சோதனை பாசிட்டிவ் என்று சீட்டு வந்தது. இன்று விடிகாலையில் தலையீத்துக் கிடேரி ஒன்றும் ஆறரை மாதத்தில் வீசிவிட்டது. இதற்குக் கொடி உடனே விழுந்துவிட்டது. கன்றையும் கொடியையும் சாக்கு போட்டு மூடி நிழலில் வைத்திருக்கிறேன். நாய் அண்டாமல் பையன் காவல் இருக்கிறான்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அம்மா ஆலமரத்தில் கட்டச் சொல்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, முழுசாகப் பார்மலினில் போட்டு லேப்புக்குக் கொண்டுபோ என்கிறார். மாட்டு வியாபாரி ஒருவர், வெளியே தெரியும் முன்னால் மேலப்பாளையம் சந்தைக்கு ஏற்றிவிடு என்கிறார். முதல் மாட்டுக்குத்தான் பாசிட்டிவ் வந்துவிட்டதே, இதற்கும் அதுதானே, இன்னொரு டெஸ்ட் எதற்கு என்று வீட்டுக்காரி கேட்கிறாள்.

யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டு டாக்டர்

தம்பி, பார்மலின் பாட்டிலை மூடி ஓரமாக வையுங்கள். முழுக்கொடியையும் அதில் முக்கினால் கிருமி செத்துப்போகும். அப்புறம் எந்த ஆய்வகத்தாலும் அதை வளர்த்துப் பார்க்க முடியாது. அதோடு, பெரிய துண்டாகப் போட்டால் பார்மலின் உள்ளே ஊறுவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். திசுவைப் பார்ப்பதற்கும் ஆகாது.

பையனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். நீளக் கையுறை கிடைக்காவிட்டால் கனமான பாலித்தீன் பையைக் கையில் மாட்டி முழங்கைப் பக்கம் ரப்பர் பேண்டு போட்டாவது வேலை செய்யுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கர்ப்பமான பெண்கள் யாரும் வீட்டில் இருந்தால் தொழுப் பக்கமே வர வேண்டாம்.

இப்போதே உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்யுங்கள். மாதிரி எடுப்பது அவர்கள் வேலை, கடிதம் எழுதித் தருவதும் அவர்களே. அந்தக் கடிதத்தோடு திருநெல்வேலி கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். 2012இல் அந்தக் கல்லூரி வந்ததற்கு அப்புறம் நம் பக்கத்து ஆட்களுக்கு அலைச்சல் கொஞ்சம் குறைந்தது.

டாக்டர் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குளிர்ச்சியாக வையுங்கள். பாலித்தீன் பை இரண்டு, அதைச் சுற்றி ஐஸ், தெர்மாகோல் பெட்டி. ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம். உறைந்தால் செல்லுக்குள் பனிக்கட்டி கட்டித் திசு கிழிந்துபோகும், மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் விளங்காது. வீட்டு ஃப்ரிட்ஜில், பால் காய்கறி இருக்கும் இடத்தில் வைப்பதும் கூடாது. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொருநைக்கரை

மானூர்த் தம்பி, அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். ஆலமரம் பால் மரம், அதில் இளங்கொடியைக் கட்டினால் மடி நன்றாகச் சுரக்கும் என்பது பெரியவர்கள் நம்பிக்கை. நாய் வாயில் படாமல் உயரத்தில் கட்டியது நல்ல பழக்கமும்கூட. ஆனால் அது சுகமாக ஈன்ற மாட்டுக் கொடிக்கு. வீசிய கொடியை எங்கள் வீட்டில் குழி வெட்டித்தான் புதைப்பார்கள்.

களக்காட்டு டாக்டர்

பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னது சரி. கூடவே ஒன்று: நல்ல ஈத்துக் கொடி என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. புருசெல்லா உள்ள மாடு ஒரு தடவை வீசும், அடுத்த ஈத்தில் முழு மாதம் நின்று நல்ல கன்று போடும். ஆனால் கொடியிலும் ஈன்ற அழுக்கிலும் பாலிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். மரத்தில் கட்டினால் காக்கை இழுத்துக்கொண்டு போய் நாலு வீட்டுத் தொழுவில் போடும்.

ஸ்லைடு அக்கா, பாளை

நான் மனிதர்களுக்கான லேப்பில் நுண்ணுயிரியல் வேலை பார்க்கிறவள். பிறந்த வீட்டில் மாடு உண்டு, அதனால் இந்த இழையை விட்டுப் போக மனமில்லை. டாக்டர் சார் தப்பிருந்தால் திருத்தட்டும்.

“ரத்தத்தில் பாசிட்டிவ் வந்துவிட்டது, இன்னும் எதற்கு டெஸ்ட்” என்ற கேள்விக்கு வருகிறேன். ரோஸ் பெங்கால் என்பது கிருமியைத் தேடும் சோதனை அல்ல. சாயம் ஏற்றிய செத்த புருசெல்லாவை 30 மைக்ரோ லிட்டர் எடுத்து, அதே அளவு சீரத்தோடு (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிநீர்) ஒரு தட்டில் கலந்து, 4 நிமிடம் ஆட்டிப் பார்ப்போம். குருணை குருணையாகத் திரண்டால் மாட்டின் உடம்பில் அதற்கு எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். இந்த மாடு எப்போதோ ஒரு நாள் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், அல்லது எர்சீனியா என்று அதைப் போன்ற மேல்தோல் உள்ள வேறொரு கிருமி வந்து போயிருக்கிறது. வீசிய கன்று இதனால்தான் செத்தது என்று அந்தத் தட்டு சொல்லாது. (அந்தச் சாயக் கிருமி நம் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. 1932 முதல் இருக்கும் நிலையம் அது. மலிவு, கைக்கு எட்டும் சோதனை. அதைக் குறை சொல்லவில்லை.)

மறுபக்கமும் உண்டு. கன்று வீசிய அன்று ரத்தம் எடுத்தால் நெகட்டிவ் வரலாம். எதிர்ப்புப் பொருள் தலைகாட்ட நாளாகும். அதனால் அன்று ஒரு குழாய், மூன்று வாரம் கழித்து இன்னொரு குழாய், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொடியும் கன்றின் வயிற்று நீரும் அப்படியல்ல. கிருமி இருந்த இடமே அதுதான். பசுவின் கொடியில் எரித்ரிட்டால் என்று ஒரு சர்க்கரை வகை இருக்கிறது. புருசெல்லாவுக்கு குளுக்கோஸைவிட அது பிடிக்கும். சினை ஐந்து மாதம் தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் கன்று வீசுவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். கொடியில் கிருமி மண்டிக் கிடக்கும். கிடேரிக் கன்றுக்குப் போடும் 19ஆம் ரகத் தடுப்பூசிக் கிருமிக்கு மட்டும் அந்தச் சர்க்கரை ஆகாது என்பது வேடிக்கை.

சரி, கொடித் துண்டு எங்கள் மேசைக்கு வந்தால் என்ன நடக்கும்? பசுவின் கொடியில் காட்டிலிடன் என்ற சிவந்த முடிச்சுகள் 70இலிருந்து 120 வரை இருக்கும். அதில் ஒன்றை வெட்டி, வெட்டிய முகத்தைத் துடைத்து, கண்ணாடி ஸ்லைடில் லேசாக ஒற்றி எடுப்போம். காய்ந்ததும் தீயில் காட்டி நிலைப்படுத்தி, நீர்த்த கார்பால் ஃபக்சினை 10 நிமிடம் விடுவோம். அப்புறம் 0.5 சதவீத அசிட்டிக் அமிலம், அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் சிவப்பு கழன்றுவிடும். கடைசியில் மெத்திலின் நீலம் 20 விநாடி. இதை ஸ்டாம்ப் முறை என்பார்கள். புருசெல்லா இருந்தால் நீலச் சேலையில் குங்குமம் சிந்தியது போல, செல்லுக்குள் சிவப்புப் புள்ளிகள் திரள் திரளாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை.

ஆனால் இதை வைத்து மட்டும் பெயர் எழுதிவிட முடியாது. காக்சியெல்லா, கிளமிடியா என்ற வேறு கிருமிகள் இரண்டும் இதே சாயத்தில் இதே சிவப்பாகத்தான் நிற்கும். ஆகவே “சந்தேகம்” என்று எழுதி, பி.சி.ஆருக்குத் தள்ளுவோம். பி.சி.ஆரில் புருசெல்லா வகை முழுவதுக்கும் பொதுவான ஒரு மரபணுவைத் தேடுவார்கள். இனம் பிரிக்க ஐ.எஸ்.711 என்ற துண்டைப் பார்ப்பார்கள்.

கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது, இன்னும் உறுதியானது, ஆனால் பொறுமை வேண்டும். ஃபாரல் ஊடகம் என்று, மற்றக் கிருமிகளை அடக்கும் மருந்துகள் சேர்த்த தட்டு. 37 டிகிரி, காற்றில் 5 முதல் 10 சதவீதம் கரியமில வாயு. முளைக்க மூன்று நான்கு நாள் ஆகும், இல்லை என்று சொல்வதற்கு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எல்லா லேப்பும் இதைச் செய்யாது, செய்யவும் கூடாது. லேப் ஆட்களுக்கே தொற்றும் கிருமிகளில் முன்வரிசையில் இருப்பது இது. பிளேட்டைத் திறந்து மோந்து பார்த்துக் கிருமியைச் சொல்லும் பழக்கம் பழைய ஆட்களிடம் இருந்தது. புருசெல்லாவில் அது நேரே மூக்குக்குள் விதைப்பது. பாதுகாப்பு அலமாரி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

மானூர் தொழுக்காரன்

அக்கா, ரொம்ப நன்றி. எங்கள் ஊர் டாக்டர் மதியத்துக்குள் வருவதாகச் சொல்லிவிட்டார். ஐஸ் வாங்கி வைத்தாயிற்று. கன்றின் வயிற்று நீர் என்கிறீர்களே, அது எதற்கு? கொடி போதாதா?

களக்காட்டு டாக்டர்

நல்ல கேள்வி. கொடி தரையில் விழுந்ததல்லவா? சாணி, மூத்திரம், மண் எல்லாம் ஒட்டியிருக்கும். கல்ச்சர் போட்டால் சாணிக் கிருமிதான் முதலில் தட்டை நிறைக்கும். கன்று வயிற்றுக்குள் இருக்கும்போது பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. ஆக, கொடியில் என்ன கிருமி இருந்ததோ அது கன்றின் இரைப்பையிலும் இருக்கும், வெளி அழுக்குப் படாமல். இடது பக்கம் வயிற்றைத் திறந்து, இரைப்பையின் மேல் சூடேற்றிய கத்தியை ஒற்றிவிட்டு, புதுச் சிரிஞ்சில் சில மில்லி உறிஞ்சினால் போதும். கூடவே நுரையீரலிலும் மண்ணீரலிலும் ஒரு துண்டு. மூளையையும் கேட்டால் கொடுங்கள். நியோஸ்போரா என்று நாய் எச்சத்தால் பரவும் ஒட்டுண்ணி ஒன்று நடுச்சினையில் வீச வைக்கும். அதற்கு மூளையில்தான் அடையாளம் கிடைக்கும், கொடியில் பல நேரம் ஒன்றும் இருக்காது.

கொடியை எடுக்கும்போது அவரிடம் சொல்லுங்கள், அவருக்கே தெரிந்திருக்கும்: விரித்துப் போட்டு எல்லா முடிச்சையும் பார்க்க வேண்டும். சில முடிச்சு நன்றாக இருக்கும், சிலது மஞ்சள் பழுப்பாகப் பசை படிந்து கிடக்கும். கெட்டுப்போன முடிச்சில் மூன்று நாலு. அதோடு, கெட்டதும் நல்லதும் சேருகிற ஓரத்திலிருந்து இன்னொரு துண்டு. முடிச்சுகளுக்கு நடுவில் உள்ள சவ்வும் கொஞ்சம். ஒரு பங்கு ஐஸில், பச்சையாக. இன்னொரு பங்கு 10 சதவீதப் பார்மலினில். துண்டு ஒரு சென்டிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது, திசுவைப் போலப் பத்து மடங்கு பார்மலின் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். பார்மலின் ஆவி கசிந்தால் பக்கத்தில் இருக்கும் ஸ்லைடையும் கெடுக்கும்.

இன்னொன்று. முதல் மாடு புருசெல்லா என்பதால் இரண்டாவதும் அதுவே என்று முடிவு கட்ட வேண்டாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நனைந்த வைக்கோல் படப்பிலிருந்து பூஞ்சணம் பிடித்த தாளை உருவிப் போடுகிறோமே, அந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் மூச்சு வழியாகவோ தீனி வழியாகவோ உள்ளே போய்க் கொடியில் உட்காரும். அப்படிப்பட்ட கொடி தடித்து, தோல் மாதிரி விறைத்திருக்கும். சில நேரம் கன்றின் தோலில் படர்தாமரை போன்ற திட்டு இருக்கும். இதற்குப் பெரிய எந்திரம் ஒன்றும் வேண்டாம். முடிச்சைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, திசு கரைந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கிளை விட்ட பூஞ்சண இழை தெரிந்துவிடும். புருசெல்லா என்று நினைத்து வேறு ஏற்பாடெல்லாம் செய்துவிட்டு, அதே படப்பிலிருந்து அடுத்த மாட்டுக்கும் தீனி போட்டவர்கள் உண்டு.

எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி இன்னொரு கதை. வயலும் வாய்க்காலும் எலியும் உள்ள நம் ஆற்றுப் பாசன ஊர்களில் அதை மறக்கக் கூடாது. அதற்கு உயிருள்ள லெப்டோஸ்பைராவைச் சீரத்தோடு கலந்து இருட்டுப் புல மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ‘மேட்’ சோதனை உண்டு. ஆனால் தொற்று வந்து சில வாரம் கழித்துத்தான் மாடு வீசும். அதற்குள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு இறங்கிவிடலாம். கொடியிலோ கன்றின் சிறுநீரகத்திலோ பி.சி.ஆர். பார்ப்பது மேல்.

கங்கைகொண்டான் கிடை

டாக்டர் சார், ஆட்டுக்கும் இதேதானா? அறுவடை முடிந்த வயலில் கிடை மறித்திருக்கிறோம். செம்மறி, வெள்ளாடு கலந்து நிற்கிறது. இந்தப் பட்டத்தில் நிறையக் குட்டி வீசிவிட்டது. கொடியை அப்படியே வயலில் விட்டுவிடுகிறோம், உரமாகட்டும் என்று.

களக்காட்டு டாக்டர்

வயலில் விடாதீர்கள் அண்ணாச்சி. முதலில் அதை நிறுத்துங்கள்.

ஆட்டில் பட்டியல் கொஞ்சம் மாறும். கொடியைக் கையில் எடுத்தாலே பாதி தெரியும். முடிச்சுகளுக்கு நடுவில் உள்ள சவ்வு தடித்துச் சிவந்து பழுப்பாக இருந்தால் கிளமிடியா என்று சந்தேகப்படுவோம். சவ்வு நன்றாக இருந்து, முடிச்சில் மட்டும் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் டாக்சோபிளாஸ்மா, பூனை எச்சத்தால் பரவும் ஒட்டுண்ணி. கிடைப் பக்கம் பூனை திரிகிறதா என்று பாருங்கள். ஒன்றுமே தெரியாமல் மாதம் நெருங்கிப் பல ஆடு வீசினால் காக்சியெல்லாவும் கணக்கில் வரும். அது காற்றில் போகும். காய்ந்த கொடித் தூசியை மூச்சில் இழுத்தால் ஆளுக்கே க்யூ காய்ச்சல். ஆகவே முகமூடி கட்டாயம்.

வெள்ளாட்டுப் புருசெல்லா மாட்டினுடையதைவிட மனிதனுக்குக் கடுமை. 1887இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் கண்டுபிடித்தது அந்தக் கிருமிதான். அது வெள்ளாட்டுப் பால் வழியாக வருகிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது. மாட்டில் கன்று வீச வைப்பது அதன் பங்காளி. அதை டென்மார்க்கில் பாங் 1897இல் பிரித்தெடுத்தார்.

கிடை விஷயத்தில் ஒரு ஆடு போதாது. வீசிய மூன்று நாலு ஆட்டின் கொடி, அதே ஆடுகளின் ரத்தம், எந்த மாதத்தில் வீசியது, எந்த ஊர் வயலில் இருந்தீர்கள் என்ற விவரம், எல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.

சேரன்மாதேவி சுப்பன்

எல்லாரும் டெஸ்ட் டெஸ்ட் என்கிறீர்கள். நான் போன வருசம் இதெல்லாம் செய்தேன். ஒரு தனியார் லேப்பில் பணம் கட்டிக் கொடியைக் கொடுத்தேன். இரண்டே நாளில் “வளர்ச்சி இல்லை” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு நாலு மூட்டைப் புண்ணாக்கு வாங்கியிருக்கலாம். நாலு மாதம் கழித்து இன்னொரு மாடும் வீசியது.

ஸ்லைடு அக்கா, பாளை

சுப்பன் அண்ணன், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சீட்டு பொய் சொல்லவில்லை, பாதி சொன்னது. சாதாரண ஊடகத்தில் இரண்டு நாள் வைத்து “வளர்ச்சி இல்லை” என்றால், சீக்கிரம் முளைக்கும் கிருமி இல்லை என்று மட்டும் பொருள். புருசெல்லா அதற்குள் பெரும்பாலும் முளைக்காது. கிளமிடியா, காக்சியெல்லா இரண்டும் உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும், எந்த வெறுந்தட்டிலும் வராது. என்ன சந்தேகம் என்று சீட்டில் எழுதியிருந்தார்களா? “கொடி, கல்ச்சர்” என்று மட்டும் எழுதி வந்தால் லேப்பில் இருப்பவர் சளிக்கும் சீழுக்கும் செய்வதையே இதற்கும் செய்வார். சில தானியங்கி எந்திரங்கள் புருசெல்லா வளர்ந்தால்கூட ஓக்ரோபாக்ட்ரம் என்று வேறு கிருமியின் பெயர் அச்சடித்துக் கொடுத்துவிடும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பாதி கேஸில் காரணம் கிடைக்காமல் போவது உலகம் முழுக்க உள்ள நிலைமைதான். அதை மறைக்கவில்லை. கொடி இல்லாமல் கன்றை மட்டும் அனுப்பினால் இன்னும் மோசம்.

வள்ளியூர் மதினி

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். என் மகளுக்கு எட்டாம் மாதத்தில் காய்ச்சல் வந்து பிள்ளை முன்னாலேயே பிறந்துவிட்டது. இரண்டு பேரும் சுகம். நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மனுசருக்கும் இதே மாதிரிதான் பார்ப்பார்களா? அதில் என்ன தெரியும்?

ஸ்லைடு அக்கா, பாளை

மதினி, இது என் சொந்த மேசை. தாராளமாகக் கேளுங்கள்.

மனிதக் கொடி முடிச்சு முடிச்சாக இருக்காது, ஒரே வட்டத் தட்டு. குறைமாதம், தாய்க்குக் காய்ச்சல், பனிக்குட நீரில் வாடை, பிள்ளைக்கு மூச்சுத் திணறல் என்றால் அனுப்புவார்கள். முதலில் கிருமிக்கு. மேல்புறத்தைத் துடைத்து எடுத்தால் பிரசவப் பாதையில் ஒட்டிய கிருமியெல்லாம் வரும், அதில் பயனில்லை. அதனால் பிள்ளைப் பக்கம் இருக்கும் இரண்டு சவ்வுகளையும் பிரித்து, நடுவில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுக்க வேண்டும். இதைப் பார்மலினில் போடுவதற்கு முன்னாலேயே செய்தாக வேண்டும். பிரசவ அறையில் பழக்க தோஷத்தில் முதலில் பார்மலினை ஊற்றிவிட்டால் எங்கள் வேலை அத்தோடு சரி. மாட்டுக்கு டாக்டர் சார் சொன்னதேதான்.

அப்புறம் திசு. சவ்வை நீளவாக்கில் கீறிச் சுருட்டி, அந்தச் சுருளைக் குறுக்கே வெட்டுவார்கள். ஒரே ஸ்லைடில் நீளமான சவ்வு முழுக்கப் பார்த்துவிடலாம். தொப்புள்கொடியில் இரண்டு குறுக்கு வெட்டு, தட்டில் முழுக் கனத்துக்கு மூன்று துண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாமில் நோய்க்குறியியல் ஆட்கள் கூடி ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவு இது. சவ்வில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்திருந்தால் அது தாயின் உடம்பு போட்ட சண்டை. தொப்புள்கொடி ரத்தக் குழாயின் சுவரில் ஏறியிருந்தால் அது பிள்ளையின் உடம்பு போட்ட சண்டை. முதலில் சிரையில் வரும், தாண்டிப் போனால் தமனியில். தொற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இதை வைத்துத்தான் படி பிரித்து எழுதுவோம்.

ஈ.கோலி, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எல்லாம் தட்டில் வந்துவிடும். யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது. கிராம் சாயம் பிடிக்காது, சாதாரணத் தட்டிலும் வராது. திசுவில் அழற்சி நன்றாகத் தெரிந்து கல்ச்சர் சுத்தமாக இருந்தால் பி.சி.ஆர். கேட்பதற்கு இது ஒரு காரணம். சீட்டு வந்ததும் பிள்ளைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். திசு வேலை முடியச் சில நாளாகும், கவலைப்பட வேண்டாம்.

வள்ளியூர் மதினி

நன்றி அம்மா. புரிகிற மாதிரி சொன்னீர்கள்.

மானூர் தொழுக்காரன்

தகவல் சொல்லத் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள். கிடேரிக்கு முடிவு வந்துவிட்டது. ஒற்றி எடுத்த ஸ்லைடில் “புருசெல்லா சந்தேகம்” என்று முதல் நாளே சொன்னார்கள். கன்றின் இரைப்பை நீரில் பி.சி.ஆர். பாசிட்டிவ். பூஞ்சணமும் பார்த்தார்கள், இல்லை. மற்ற நாலு மாட்டின் ரத்தத்தில் ஒன்று பாசிட்டிவ், மூன்று நெகட்டிவ். மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

முதல் பசுவுக்குத் தடுப்பூசியால் பாசிட்டிவ் காட்டியிருக்குமோ என்று கேட்டேன். கன்றாக இருக்கும்போது போட்டது மூன்றாம் ஈத்து வரை ரத்தத்தில் நிற்பது அபூர்வம் என்றார் டாக்டர். அதன் கொடியை அன்று சோதிக்கவில்லை என்பதால் இனி உறுதியாகச் சொல்ல வழியில்லை.

கொடி கிடந்த மண்ணை வழித்து, எல்லாவற்றையும் ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். சந்தைக்கு அனுப்பவில்லை. வியாபாரிக்கு வருத்தம்தான்.

இரண்டு கேள்வி பாக்கி. பாலை என்ன செய்ய? எனக்குச் சில நாளாகச் சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுகிறது, இடுப்பு வலிக்கிறது. மாட்டு வேலை அலுப்பா, வேறு ஏதாவதா?

களக்காட்டு டாக்டர்

இரண்டாவது கேள்விக்கு முதலில். இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். போனதும் “தொழுவில் மாடு புருசெல்லாவில் வீசியது, நான் கையால் தொட்டேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு, மலேரியா என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். ரத்தக் கல்ச்சர் எடுத்தால் அதிக நாள் வைத்துப் பார்க்கும்படி எழுதச் சொல்லுங்கள்; லேப்புக்கும் அது எச்சரிக்கை. உறுதியானால் இரண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம் தருவார்கள். நடுவில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, திரும்ப வரும்.

பால்: பாசிட்டிவ் மாட்டுப் பாலைத் தனியாக வையுங்கள், சீம்பாலைப் பச்சையாக யாருக்கும் கொடுக்காதீர்கள். நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும். சொசைட்டிக்கு ஊற்றுவது பற்றி ஊர் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். தெருவில் மற்ற வீட்டு மாடுகளுக்கும் பார்க்க வேண்டுமென்றால் பால் வளையச் சோதனை கேளுங்கள்: ஒரு மில்லி பாலில் சாயம் ஏற்றிய கிருமி ஒரு சொட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மேலே ஆடையில் நீல வளையம் கட்டினால் சந்தேகம். மடிநோய் உள்ள பாலிலும் சீம்பாலிலும் வீணாகக் காட்டும், வெள்ளாட்டுப் பாலுக்கு ஆகாது. நாலைந்து வீட்டுப் பாலைச் சேர்த்து ஒரே தடவையில் சலித்தெடுக்க மட்டும் நல்லது.

நான்கு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் கிடேரிக் கன்று இருந்தால் தடுப்பூசிக்குக் கொடுங்கள். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு இதுவும் சேர்ந்ததுதான். காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது.

கங்கைகொண்டான் கிடை

சார், நாளைக்கு மூன்று ஆட்டுக் கொடியோடு வருகிறேன். பைக்கு மேல் எந்த ஆடு என்று பேனாவில் எழுதினால் போதுமா?

ஸ்லைடு அக்கா, பாளை

பேனா வேண்டாம் அண்ணாச்சி, ஐஸ் உருகினால் மை கரைந்துவிடும். சிறு அட்டையில் பென்சிலால் ஆட்டின் அடையாளம், தேதி, சினை மாதம் எழுதி, இரண்டு பைகளுக்கு நடுவில் வையுங்கள். ரத்தக் குழாய்களிலும் அதே எண். குழாயை ஐஸ் மேல் நேரே வைக்காதீர்கள், நடுவில் துணி போடுங்கள். ரத்தம் பனிக்கட்டியாக உறைந்து சிதைந்தால் சீரம் சிவந்து எலிசா என்ற ரத்தச் சோதனைக்கு ஆகாது. காலையிலேயே கொண்டுபோனால் அன்றே ஸ்லைடு போட்டுவிடுவார்கள்.